கிணற்றுச் சந்தில் ஐந்து எலிகள்

இந்த நகரசபை எல்லைக்குள் பதவி ஆசை மருந்துக்கும் இல்லாத ஒரே மனிதன் நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உயரம் ஐந்தடி ஆறங்குலம், வலது காதருகே ஒரு மச்சம் என்று எழுதுவதைப் போல ஓர் அடையாளத்துக்காகச் சொல்கிறேன். மற்றவர்களின் கதை எனக்குத் தெரியும். எங்கள் வார்டில் வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருக்கும் எவனையாவது பின்னாலிருந்து "கவுன்சிலரே" என்று கூப்பிட்டுப் பாருங்கள். வாயைக் கொப்பளிக்காமலே திரும்புவான்.

டாக்டர் ஐயா, சுகாதார அதிகாரி என்ற முறையில் நீங்கள் நேற்று பியூனிடம் கொடுத்தனுப்பிய சீட்டில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ஆறுச்சாமி வீட்டுச் சாவி என் கைக்கு வந்தது புதன்கிழமையா, வியாழக்கிழமையா? ஒரே சொல்லில் பதில் எழுதிவிடலாம். ஆனால் என் தகப்பனார் செலவழித்து பி.ஏ. படிக்க வைத்தது ஒரு சொல்லில் முடிவதை நாலு பக்கமாக எழுதத்தான். படிப்பை வீணாக்க எனக்கு மனமில்லை.

புரட்டாசியில் நடந்த தேர்தலில் எங்கள் வார்டுக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கந்தப்பன், பருத்தி ஜின்னிங் பாக்டரி முதலாளி. அவர் ஓட்டுக் கேட்க வந்தால் முன்னால் பாண்டு வாத்தியம், பின்னால் இரண்டு ஜட்கா. வழியில் தென்படும் குழந்தையை எல்லாம் தூக்குவார். ஒருநாள் அவசரத்தில் எதிர் வேட்பாளரின் பேரனையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இந்தப் பிஞ்சுகளுக்காகத்தானுங்க நான் நிக்கறேன்" என்றார். பிஞ்சு அவர் சட்டையில் மூக்கைத் துடைத்தது. அந்த வார்டில் அன்று நடந்த ஒரே சுகாதாரப் பணி அதுதான்.

இன்னொருவர் ஞானமுத்து வாத்தியார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிணற்றுச் சந்தின் கோடி வீடு அவருடையது. பாண்டும் கிடையாது, ஜட்காவும் கிடையாது. ஒரு குடை, ஒரு நாற்பது பக்க நோட்டு. வீடு வீடாகப் போய் என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொள்வார். மறுவாரம் வந்து எழுதியதைப் படித்துக் காட்டி, "சரியா எழுதியிருக்கனுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். இந்த மாதிரி ஆட்களைக் கேலி செய்வது மிகவும் சிரமம். பிடித்துக்கொள்ள ஒரு முடிச்சும் கிடைக்காது.

சிரமம் என்றேனே தவிர, முயற்சி செய்யவில்லை என்று சொல்லவில்லை. நான் அப்போது 'மூட்டைப்பூச்சி' என்ற கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு பிரதி. அது காலேஜ் ஹாஸ்டலில் புறப்பட்டு, காப்பி கிளப் வழியாக வக்கீல் குமாஸ்தாக்கள் வரை கைமாறிப் போகும். அதில் இரண்டு வேட்பாளர்களையும் பாரபட்சமில்லாமல் கிழித்திருந்தேன். கந்தப்பன் அதைப் படிக்கவில்லை. அவருக்குப் படிக்கும் வழக்கம் இல்லை. வாத்தியார் படித்தார். படித்து, திருத்தி, சிவப்பு மசியில் மார்க் போட்டுத் திருப்பி அனுப்பினார். நூற்றுக்கு முப்பத்தெட்டு. கீழே ஒரு குறிப்பு: "சிரிப்பு இருக்கிறது. யாருக்காகச் சிரிக்கிறான் என்பது இல்லை."

எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இங்கே தெளிவாகப் பதிவு செய்துகொள்கிறேன். அந்தப் பக்கத்தை இன்றுவரை மடித்துப் பர்ஸில் வைத்திருப்பது ஒரு ஞாபகத்துக்காகத்தான்.

அடுத்த இதழில் ஒரு கட்டுரை எழுதினேன். வாத்தியாரின் நான்கு மாத நடையைவிட, செத்த எலி ஒன்றுக்கு இந்த வார்டில் செல்வாக்கு அதிகம் என்பது அதன் சாரம். காப்பி கிளப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் எனக்கு மட்டும் திருப்தி ஏற்படவில்லை. நிரூபிக்காத கருத்து வெறும் பேச்சு. வெறும் பேச்சுக்கு முப்பத்தெட்டு மார்க்குக்கு மேல் யார் கொடுப்பார்கள்?

நீங்கள் மதராஸ்காரர். எலி விழுவது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நாங்கள் அதிலேயே வளர்ந்தவர்கள். பிளேக் எத்தனை தடவை இந்த ஊரைத் துடைத்துவிட்டுப் போனது என்பதற்குத் தெருவுக்குத் தெரு பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம். வீட்டில் ஓர் எலி காரணமில்லாமல் செத்து விழுந்தால் இங்கே யாரும் டாக்டருக்காகக் காத்திருப்பதில்லை. அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, பாயைச் சுருட்டி, கதவைப் பூட்டி, உச்சிப்பொழுதுக்குள் ஊருக்கு வெளியே காட்டில் கொட்டகை போட்டுவிடுவார்கள். பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். அதுவரை சந்துக்குள் போனவன் கொட்டகைக்குள் காலடி வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு.

கிணற்றுச் சந்தில் வரி கட்டும் வீடுகள் அறுபத்து நான்கு. ஆகவே அறுபத்து நான்கு ஓட்டு. அவ்வளவும் வாத்தியாருக்குத்தான் என்று கந்தப்பனின் ஆட்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு விடியற்காலையில் ஐந்து எலிகளைக் கொண்டுபோய்ப் போட்டேன். கந்தப்பனின் பருத்திக்கொட்டைக் கிடங்கில் பாஷாணம் வைப்பார்கள். பின்புறக் குப்பையில் எலிகள் கேட்பாரற்றுக் கிடக்கும். அவருடைய தேர்தல் நோட்டீசிலேயே அவற்றைப் பொட்டலம் கட்டினேன். அந்தக் காகிதம் எதற்காவது உபயோகப்பட்டது அன்றைக்குத்தான். கந்தப்பனுக்கு இதில் சம்பந்தமில்லை. யாருக்கும் ஆதாயம் தேடித்தர நான் இதைச் செய்யவில்லை. அந்த வகையில் இந்தத் தேர்தலில் சுத்தமான கை என்னுடையது ஒன்றுதான்.

வாத்தியார் சர்ச்சுக்குப் போயிருந்தார். பிரசங்கம் முடிந்து அவர் திரும்பி வந்தபோது சந்தில் நடமாட்டம் என்று ஒரு கோழி மட்டும் இருந்தது.

நீங்கள் உங்கள் கடமையைச் சரியாகச் செய்தீர்கள். அன்று மாலையே எலிகளை அறுத்துப் பார்த்து, இது விஷம், பிளேக் அல்ல என்று தண்டோரா போட்டீர்கள். அதைக் கேட்டதும் அதுவரை போகத் தயங்கிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த இரண்டு வீட்டாரும் கிளம்பிவிட்டார்கள்.

பீளமேட்டுப் பாதையில் அறுவடையான சோளக்காட்டில் கொட்டகைகள் எழுந்தன. நான் தொண்டர் என்று கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு, எல்லையில் இருந்த புளியமரத்தடியில் நின்று கஞ்சியும் சேதியும் கொடுத்துவந்தேன். ஒரு பரீட்சை செய்கிறவன் அதன் பலனைக் கூட இருந்து பார்க்க வேண்டாமா? தினமும் சந்துக்குள் போய், பூட்டெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவந்து சொன்னேன். "இந்தத் தம்பிக்கு உசுருன்னா தூசு" என்று பேசிக்கொண்டார்கள். பிளேக் இல்லாத சந்துக்குள் போவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டுமோ அவ்வளவு தைரியம் என்னிடம் இருந்தது.

வாத்தியாரை மிஷன் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வற்புறுத்தி அங்கேயே தங்க வைத்திருந்தார்கள்; செவ்வாய்க்கிழமை அவர் குடையோடு புளியமரத்தடிக்கு வந்தார். சந்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் வேங்கடசாமி எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்.

"டாக்டரே பிளேக் இல்லைன்னு சொல்லிப்போட்டாருங்களே வேங்கடசாமி. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

"ஏனுங்க வாத்தியாரே, இல்லாததை எவனாச்சும் தண்டோராப் போட்டுச் சொல்லுவானுங்களா? என்ர கடையில சக்கரை இல்லைன்னா நான் தண்டோராவா போடறேன்?"

"சரி, ஓட்டுப் போட மட்டுமாவது வந்துட்டுப் போங்க. நான் முன்னால நடக்கறேன்."

"உங்களுக்கு ஓட்டு வேணுமுங்க. எங்களுக்கு உசுரு வேணுமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

இதைக் கேட்டு வாத்தியார் முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. நான் நோட்டு எடுத்துப்போயிருந்தால் எழுதி வைத்திருப்பேன். அவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீயாவது சொல்லு. நீ தெனமும் போயிட்டு வாரியே, உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார். நான், "எனக்கு இன்னும் ஆகலீங்க" என்றேன். 'இன்னும்' என்ற ஒரு சொல்லைத்தான் சேர்த்தேன். கொட்டகைக்காரர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

இனி சாவி விஷயம்.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு மயிலாத்தாள் தனியாகப் புளியமரத்தடிக்கு வந்தாள். ஆறுச்சாமியின் மனைவி, இரண்டு குழந்தைகள். ஆறுச்சாமிக்குப் பீளமேட்டில் ஒரு மில்லில் வேலை. அவர் ஓட்டு அறுபத்து நான்கில் ஒன்று. அவர் முந்தின வாரமே உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார் என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினாள்.

"கண்ணு, ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. எங்கூட்டுக்காரரு ஊட்டுக்குள்ளதான் இருக்காருங்க."

"உள்ளேயா?"

"எலி விழுந்தன்னைக்கு அவருக்குக் குளிர்காய்ச்சலுங்க. வருசாவருசம் வாரதுதான். காய்ச்சக்காரனைக் கூட்டியாந்தா எங்களைக் கொட்டாய்ல சேத்துவாங்களா? அவரேதான் சொன்னாரு, என்னைய வெச்சுப் பூட்டிப்போட்டு நீ புள்ளைகளைக் கூட்டிட்டுப் போன்னு. ஒரு சட்டி கஞ்சியும் ஒரு கொடம் தண்ணியும் வெச்சேனுங்க. எவன் வந்து தட்டினாலும் மூச்சு விடாதீங்கன்னு சொல்லிப்போட்டு வந்தேன். இன்னைக்கோட நாலு நாளாச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணணுமுங்க?"

"நீங்க ஒருத்தருதான் அங்க போறீங்க. கதவைத் தொறந்து ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு வாங்க சாமி. நான் போனா திரும்பி விட மாட்டாங்க. புள்ளைக ரெண்டும் இங்க கெடக்குது." மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அது சூடாக இருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் புதன்கிழமை. உங்களுக்கு இத்தோடு போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் நிறுத்த மாட்டீர்கள்.

ஐந்தரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் இருந்தேன். பூட்டைத் தொட்டதுமே உள்ளே தரையில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது.

"மயிலா, வந்துட்டியா?"

"நான் ரங்கராஜுங்க. தொண்டர்."

"சாமி, வந்தீங்களா." குரல் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. "காய்ச்சல் விட்டுப்போச்சுங்க. மொதல் ராத்திரியே கொடத்தைத் தட்டி உட்டுட்டேன். நாக்கு மரக்கட்டையாட்டம் ஆயிருச்சு. கதவைத் தொறங்க, நானே நடந்து போயிக்குவேன்."

டாக்டர் ஐயா, நான் அவசரப்படவில்லை. நின்று யோசித்தேன். இவர் வெளியே வந்தால் என்ன நடக்கும்? எலி விழுந்த வீட்டில் நாலு நாள் பூட்டிக் கிடந்தவன் காய்ச்சல் தெளிந்து கொட்டகைக்கு நடந்து போவான். அறுபத்து நான்கு வீட்டாரும் அவனைப் பார்ப்பார்கள். உங்கள் தண்டோராவால் முடியாததை அவனுடைய இரண்டு கால்கள் செய்துவிடும். விளக்கு வைப்பதற்குள் சந்து நிரம்பிவிடும். மறுநாள் காலை அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். நாலு நாள் நடந்த பரீட்சை, முடிய ஒருநாள் இருக்கும்போது பாழாகும். தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டலாமா என்றும் யோசித்தேன். திறந்த கதவை அவர் மறுபடி பூட்ட விடுவார் என்று தோன்றவில்லை. அந்த வீட்டுக்கு ஜன்னல் இல்லை. இவ்வளவையும் எடைபோட்டுப் பார்த்தேன் என்பதைக் கவனியுங்கள். யோசிக்காமல் செய்கிறவன் வேறு.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு முடியாது என்று சொல்வதானாலும் மரியாதையாகத்தான் சொல்வோம். "நாளைக்குச் சாயந்தரம் பொழுதோட வந்து தொறக்கறனுங்க. அதுவரைக்கும் சத்தம் போடாதீங்க, ஆகாதவங்க காதுல உழுந்துபோயிரும்" என்றேன். உள்ளே கதவின் மேல் இருந்த கை சரிந்து இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க" என்றார். அவரும் எங்கள் பக்கத்து மனிதர்தான்.

புளியமரத்தடிக்குத் திரும்பியதும் மயிலாத்தாள் கேட்டாள்.

"குடிச்சாருங்களா?"

"ரெண்டு சொம்பு குடிச்சாருங்க. தூங்கறாரு."

அவள் என்னைக் கும்பிட்டாள். அன்று ராத்திரி அவளும் தூங்கியிருப்பாள். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தவன் நான் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை தேர்தல் அமைதியாக நடந்தது. கந்தப்பனின் பச்சைப் பெட்டியில் நூற்று முப்பத்தொன்று, வாத்தியாரின் வெள்ளைப் பெட்டியில் நூற்று நான்கு. கிணற்றுச் சந்திலிருந்து விழுந்தது ஒரே ஓட்டு, அது வாத்தியாருடையது. என் கட்டுரை ஒரு சொல்கூடப் பிசகாமல் நிரூபணமாயிற்று. ஐந்து மணிக்கு ஓட்டுப் போடுவது முடிந்தது. ஆறு மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் போய்க் கதவைத் திறந்தேன். ஆறுச்சாமி வாசற்படியை ஒட்டிப் படுத்திருந்தார். கதவுக்கு அடியில் இருந்த மண்ணைக் கொஞ்சம் தோண்டியிருந்தார். சத்தம் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாரும் எதுவும் கேட்டதாகச் சொல்லவில்லை.

நீங்கள் வந்து பார்த்து, காய்ச்சலும் தண்ணீர் இல்லாமையும் என்று எழுதினீர்கள். யார் நம்பினார்கள்? சந்தே பிளேக் என்று சொல்லிவிட்டது. பாடையைத் தூக்க ஆள் வரவில்லை. நானும் வாத்தியாரும் மில்காரர்கள் இரண்டு பேரும் தூக்கினோம். வாத்தியார் வாய் உங்களை நம்பியது, கை நடுங்கிற்று. இருந்தும் தூக்கினார். நான் நடுங்காமல் தூக்கினேன். திரும்பி வரும்போது மாலை எனக்குத்தான் விழுந்தது. வாத்தியாரைப் பார்த்து வேங்கடசாமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவரு பேச்சைக் கேட்டு ஊடு திரும்பியிருந்தா அத்தனை பேரும் ஆறுச்சாமியாட்டம் போயிருப்போம்." அன்றிலிருந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாத்தியார் தெருவில் நடந்து நான் பார்க்கவில்லை.

இதில் என் குற்றம் என்ன என்று நான் சட்டம் படிக்கும் சிநேகிதனிடம், ஊர் பேர் சொல்லாமல், கேட்டுப் பார்த்தேன். குப்பையிலிருந்த எலியை இன்னொரு குப்பையில் போடுவது குற்றமில்லை. பூட்டின கதவைத் திறக்காமல் இருப்பது குற்றமென்றால் அன்று இந்த ஊரே குற்றவாளி. ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மற்றவர்கள் அந்தக் கதவுக்குப் பின்னால் பிளேக் இருக்கிறது என்று நினைத்தார்கள். அங்கே தாகம் மட்டும்தான் இருக்கிறது என்று ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான்.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். கலெக்டரிடம் காட்டுங்கள், போலீசிடம் காட்டுங்கள். சந்தில் நிறுத்திப் படித்தும் காட்டுங்கள். வேண்டுமானால் தண்டோராவும் போடுங்கள். நகரசபை டாக்டர் எதையோ மறைக்க அந்த நல்ல பையன்மேல் பழி போடுகிறார் என்பார்கள். மயிலாத்தாள் உங்கள் ஆபீசுக்கு வந்து, சாவதற்கு முந்தின நாளே நான் அவள் புருஷனுக்குத் தண்ணீர் கொடுத்ததைப் புகழ்ந்து சொன்னதால்தானே உங்களுக்கு இந்தச் சந்தேகமே வந்தது? அவளிடமே போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது கந்தப்பன் ராஜினாமா செய்துவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமனார் காலமாகி உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வந்து சேர்ந்ததால், மக்கள் சேவையைத் தேங்காய்களிடம் தொடரப் போகிறார். இடம் காலி. எங்கள் ஓடு வேய்ந்த வீடு தகப்பனார் தயவில் என் பெயரில் இருப்பதால் எனக்கு நிற்கும் தகுதி இருக்கிறதாம். நான் கேட்கவில்லை. வேங்கடசாமி முதலிய பதினெட்டுப் பேர் வந்து, "நீங்க நிக்கலீன்னா நாங்க ஒருத்தரும் ஓட்டே போட மாட்டமுங்க" என்றார்கள். ஒரு வார்டு முழுவதும் தன் உரிமையை இழப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

இன்று காலை வேட்பு மனுவை எடுத்துக்கொண்டு கிணற்றுச் சந்துக்குப் போனேன். ஆறுச்சாமியின் வீட்டு வரி இப்போது மயிலாத்தாள் பெயரில் இருக்கிறது, ஆகையால் ஓட்டும் அவளுடையது. முன்மொழிகிறவர் என்ற இடத்தில் அவள் கைநாட்டு இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் அபிப்பிராயப்பட்டார்கள். நான் மசியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு வெக்காம வேற ஆருக்குங்க வெப்பேன்? எங்கூட்டுக்காரருக்குக் கடசித் தண்ணி குடுத்த கையிங்க" என்றாள்.

அவளுடைய சின்னப் பெண் என் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மூக்கு ஒழுகிற்று. பரவாயில்லை, வெளுத்தால் போய்விடும்.

எங்கள் வார்டு ஓட்டர் ஜாபிதாவில் தங்கள் பெயர் இருநூற்றுப் பதினேழாவதாக இருக்கிறது. இதற்கெல்லாம் கடிதம் எழுதுவது முறையல்ல, நேரில் வந்து கேட்பதுதான் மரியாதை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பீர்கள் அல்லவா?